கோழி இல்லாத வீட்டுக்குத் தீவனம்

வெர்லின் மேடக்ஸிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேள்வி கேட்டு ஜெயித்துப் போனவர் எங்கள் கார்ட்டர் கிரீக் ஊரில் எவரும் கிடையாது. தீவனக் கடைக்காரன், அறுபத்து மூன்று வயது. காலையில் கால்சட்டை மாட்டும்போதே வலது இடுப்பில் ரிவால்வரும் இடது பையில் மடக்குக் கத்தியும் ஏறிவிடும். படுக்கப் போகும்போதுதான் இரண்டும் இறங்கும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று வெர்லினிடம் இருந்தது. அது வாய்.

செயின்ட் லூயிஸிலிருந்து மீன் பிடிக்க வந்த ஒருவன், கடையில் புழு வாங்குகிற சாக்கில் இடுப்பைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இது? சண்டை வரும்னு பயமா?" என்று கேட்டான்.

"உங்க கார்ல ஸ்டெப்னி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பஞ்சர் ஆகும்னு பயந்துக்கிட்டேதான் வண்டி ஓட்டறீங்களா?"

அவன் புழு டப்பாவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

பாதிரியாரின் மனைவி ஒருநாள், "சர்ச்சுக்குமா, வெர்லின்?" என்று வருத்தமாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் பிரசங்கம் வாராவாரம் நீண்டுக்கிட்டே போகுதும்மா. யாராவது ஒருத்தர் தயாரா இருக்க வேண்டாமா?" என்றான். கணக்கெடுக்க வந்த சின்னப் பெண் ஒருத்தி, அவன் கத்தியை விரித்ததும் இரண்டடி பின்வாங்கினாள். ஆப்பிளை நறுக்கி அவளுக்குப் பாதி கொடுத்து, "இப்பச் சொல்லு, இந்தக் கத்தி உன்னை என்ன பண்ணிச்சு?" என்றான்.

காலையில் கடைக்குள் காப்பி மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஆடு வளர்க்கிற லோனி என்பவன், வெர்லின் சொல்லுகிற பதில்களைச் சுவர்க் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு வந்தான். மேலே 'வெர்லின் வேதம்' என்று தலைப்பு. போன அக்டோபரில் முப்பது பதில் சேர்ந்திருந்தது.

வேடிக்கைக்கு அடியில் வெர்லினுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. 'எதற்குத் துப்பாக்கி' என்று இன்றைக்குக் கேட்கிறவன் நாளைக்குப் பிடுங்க வருவான். ஆகவே கேட்கிறவன் எவனானாலும் எதிராளி. வாயைத் திறந்த உடனே அடித்துவிட வேண்டும், இரண்டாம் கேள்விக்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்தக் கொள்கையில் ஓட்டை இருப்பது அவனுக்குத் தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாதுதான், அவனை மட்டும் சொல்லி என்ன?

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவன் மனசு சரியில்லாமல் கிடந்தால், 'உன் துப்பாக்கியைக் கொடு' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அவன் முகத்தில் அடிப்பது மாதிரி. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். கூட்டாளி ஒருவன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். "துடைச்சு ரொம்ப நாளாச்சு போலிருக்கே. கொடு, துடைச்சுத் தரேன்" என்பான். கொடுக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் லோனியின் மனைவி அவனை விட்டுப் போனபோது அப்படித்தான் நடந்தது. வெர்லினும் அவன் நண்பன் ராய்ஸும் போய், லோனியின் ஐந்து துப்பாக்கிகளையும் எடுத்து வந்து கடையின் பின்னறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். டிசம்பரில் லோனி, "இன்னுமாடா துடைக்கிறே?" என்றான். "துரு ஜாஸ்திடா" என்றான் வெர்லின். பிப்ரவரியில் மறுபடி கேட்டான். "ரொம்ப ரொம்பத் துரு" என்றான் ராய்ஸ். ஈஸ்டருக்கு மறுநாள் லோனி முகம் மழித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கே ஐந்தும் பளபளவென்று வீடு போய்ச் சேர்ந்தன. இத்தனையும் வெர்லினுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. அவனே செய்தது.

அந்த ராய்ஸ் டில்மனுக்குத்தான் போன மே மாதம் டிராக்டர் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தான். இடுப்பும் முதுகும் பிழைக்கவில்லை. ஆகஸ்டில் அறுபது மாட்டையும் விற்றான். மாடு போன பிறகு காப்பி மேசைக்கு வருவதும் நின்றது. வெர்லினும் ராய்ஸும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வெர்லின் இரண்டு தடவை போய்ப் பார்த்தான். இரண்டு தடவையும் ராய்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து காலியான மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கேட்டாலும் 'ம்' என்றான். வெர்லினுக்கு அந்த 'ம்' தாங்கவில்லை. மூன்றாவது தடவை போகவில்லை. 'தானாகச் சரியாகிவிடுவான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாயுள்ள பிள்ளைக்கு வாயில்லாத இடத்தில் வேலை இல்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மான் வேட்டைக் காலம் நெருங்கிவிட்டதால் கடையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ராய்ஸின் மனைவி டோரீன் வந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அன்றைக்கு அவள் பேச்சு அப்படி இல்லை.

"முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை" என்றாள்.

வெர்லின் சீட்டு எழுதினான். அவள் நகரவில்லை. அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெர்லின், நீ இதைக் கழட்டி வைக்கிறதே இல்லையா?"

காப்பி மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது. லோனி காது மேல் சொருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தான்.

"தூங்கறப்ப கழட்டுவேன்" என்றான் வெர்லின்.

"தினமும் பக்கத்துலயே இருக்கணுமா, என்ன? கொஞ்ச நாளைக்கு இல்லாம இருந்தா ஆகாதா? வேற யார்கிட்டயாவது... கொடுத்து வெச்சிருந்தா?"

ராய்ஸின் உயிர் அந்தக் கேள்விக்குள் இருந்தது. கடையில் இருபது பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. வெர்லினுக்குத் தெரிந்ததெல்லாம், டோரீன் கூட இந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாளே என்பதுதான். அதோடு இருபது பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்டாட்டியையும் துப்பாக்கியையும் அடுத்தவன் கையில கொடுக்கக் கூடாது, டோரீன். திரும்பி வரும்போது ரெண்டும் வேற மாதிரி சத்தம் போடும்."

கடை அதிர்ந்தது. லோனி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, முப்பத்தொன்று என்று நம்பர் போட்டு எழுதினான். டோரீனும் சிரித்தாள், உதட்டால் மட்டும்.

வெர்லினே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பிக்கப்பில் போட்டான். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றாள்.

"வேற ஏதாவது வேணுமா?"

"இல்ல."

"ராய்ஸை வரச் சொல்லு. அவன் இல்லாம காப்பி கூட கசக்குதுன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் அவன் பேசாமல் நின்றிருந்தால் போதும், அவளே பேசியிருப்பாள். அவன் பிக்கப்பின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனான். மேசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், டோரீன் தபால் எடுக்க ரோட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ராய்ஸ் டில்மன் தன் துப்பாக்கியாலேயே உயிரை முடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் வெர்லின் ஒருவன், லோனி ஒருவன். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் பன்றித்தொடையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாக வெர்லின் சொன்னான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் போய் அவன் வீட்டு வாசல்லயே படுத்திருப்பேனே."

அதை அவன் மனசாரத்தான் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். டோரீன் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று அப்போது அவன் யோசிக்கவில்லை. பிற்பாடு யோசிப்பதற்கு அவனுக்கு நிறைய நாள் கிடைத்தது.

ஞாயிறு மாலை சாப்பிடும்போது வெர்லின் தன் மனைவி வில்மாவிடம் சொன்னான். "டோரீன் தனியா என்ன பண்ணுவா? கோழிக்காவது நான் போய்த் தீவனம் போட்டுட்டு வரேன், ரெண்டு நாளைக்கு ஒருதரம்."

"எந்தக் கோழிக்கு?"

"டோரீன் கோழிக்குத்தான்."

"நல்லா இருக்கே! மார்ச் மாசம் நரி மொத்தத்தையும் தூக்கிட்டுப் போச்சு. நீதான வேலி பார்க்கப் போனே? 'ரோட் ஐலண்டு கோழி ஒண்ணு கூட மிச்சமில்ல வில்மா'ன்னு நீதான வந்து சொன்னே?"

வெர்லின் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

ஐம்பது பவுண்டு மூட்டை. அவன் தோளில் தூக்கிப் போன மூட்டை. கோழி இல்லாத வீட்டுக்குத் தீவனம். கடைக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டும் என்று அவள் வாங்கியது. அதன் பிறகு அவள் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குத் திரும்பி வந்தது. கொஞ்ச நாளைக்கு. வேற யார்கிட்டயாவது. கொடுத்து வெச்சிருந்தா. அவள் அவனுடைய துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"என்ன ஆச்சு, வெர்லின்?" என்றாள் வில்மா. அவன் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நாற்பது வருஷத்தில் அவன் அழுது வில்மா கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை டோரீன் வீட்டுக்குப் போனான். பிக்கப்பை நிறுத்தி, ரிவால்வரை உறையோடு கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டினான். அதைப் போட்டுக்கொண்டு அந்த வாசல் ஏற முடியாது என்று தோன்றிற்று. இடுப்பு லேசாக இருந்தது, நடையே கோணலாக வந்தது. வராந்தா ஓரத்தில் அந்த மூட்டை கிடந்தது. தைத்த நூல் தைத்தபடி இருந்தது.

டோரீன் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு ஊர்க்காரர்கள் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் சொந்தக்காரர் பெயர் ஒட்டியிருந்தது.

"வா" என்றாள். "இதையெல்லாம் உன் கடையில வெச்சுடு. அவங்கவங்க வந்து எடுத்துக்கட்டும். எனக்கு வீடு வீடா ஏறி இறங்கத் தெம்பில்ல."

"சரி."

"உக்காரு."

அவன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"அந்த மூட்டை..." என்றான்.

டோரீன் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"வில்மா சொன்னாளா?"

"ஆமா. எனக்கே தெரிஞ்சிருக்கணும். வேலி பார்க்க வந்தவனே நான்தான். டோரீன், நீயும் மத்தவங்க மாதிரி கேக்கறேன்னு நினைச்சுட்டேன்."

"நீ என்ன நினைச்சேன்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா உன் கடையில நிக்கிறேன்."

"என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை..."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"லோனிகிட்ட நீங்க ரெண்டு பேரும் போனப்ப யாராவது வாயைத் திறந்து சொன்னீங்களா? 'துடைச்சுத் தரேன்'னுதான சொன்னீங்க? ராய்ஸ் வந்து என்கிட்ட எவ்வளவு பெருமையா சொன்னான் தெரியுமா? 'லோனி மானம் போகாம முடிச்சுட்டோம் டோரீன்'னான். ராய்ஸ் மானத்தை மட்டும் நான் உன் காப்பி மேசையில கொண்டுவந்து கொட்டணுமா? அப்படித்தான் கேக்கணும் போலிருக்குன்னு அப்படிக் கேட்டேன். உனக்குப் புரியும்னு நினைச்சேன். உனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்?"

முப்பத்தொரு பதிலில் ஒன்று கூட இங்கே செல்லவில்லை. அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். ஒரு தட்டை எடுத்துத் தலையில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். அவள் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு, வெர்லின். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அடக்கத்தன்னைக்கு சர்ச் கூடத்துல நீ சொன்னதை யாரோ நேத்து இங்க வந்து சொன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசல்ல படுத்திருப்பேன்னு."

"மன்னிச்சுக்க, டோரீன்."

"அதுக்கில்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராய்ஸ்கிட்ட சொன்னேன். உன் கடையில துப்பாக்கி பத்திப் பேச்சு வந்துச்சு, வெர்லின் இப்படிச் சொன்னான்னு. பொண்டாட்டியையும் துப்பாக்கியையும்னு. சிரிச்சான்."

வெர்லின் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினான்.

"கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். முதுகு வலிக்குது, சிரிக்க வைக்காதேன்னு சொல்லிக்கிட்டே சிரிச்சான். 'அவன் வாய் இருக்கே, அதைத் தனியாப் புதைக்கணும்'னான். மே மாசத்துக்கப்புறம் அவன் சிரிச்சு நான் பார்க்கல. சாயங்காலம் ரெண்டு முட்டை சாப்பிட்டான். நான் என்ன நினைச்சேன்னா, திரும்பிட்டான், இனிமே பயமில்லைன்னு. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கே வந்து வெளிப்படையா கேட்டுடறதுன்னு வெச்சிருந்தேன். அவன் சிரிச்சதைப் பார்த்துட்டு வராம இருந்துட்டேன்."

வெளியே தபால்காரியின் வண்டி ரோட்டில் நின்றுவிட்டுப் போன சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அதனால உன்னை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் டோரீன். "ஆனா உன்னைச் சொல்லாமலும் இருக்க முடியல. அதையும் சொல்லிடறேன்."

"சரி" என்றான் வெர்லின்.

"அவன் துப்பாக்கி ஷெரீஃப் ஆபீஸ்ல இருக்கு. விசாரணை முடிஞ்சதும் தருவாங்களாம். நீ போய் வாங்கிக்க. துடைச்சு உன் அலமாரியில வெச்சுக்க." கையிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தாள். "இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்."

அவன் தட்டுகளை மூன்று நடையாகப் பிக்கப்புக்குக் கொண்டுபோனான். நாலாவது நடையில் மூட்டையைத் தூக்கினான். அதே ஐம்பது பவுண்டுதான். படி இறங்குவதற்குள் இரண்டு தரம் நின்றான்.

கடைக்குப் போனதும் காலண்டரைக் கழற்றி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான். லோனி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கோழி இல்லாத வீட்டிலிருந்து பிரிக்காமல் திரும்பி வந்த மூட்டையையும் அவன் பார்த்திருந்தான். காப்பி ஊற்றிக்கொண்டு வந்து வெர்லின் பக்கத்தில் வைத்தான். "எனக்காவது தெரிஞ்சிருக்கணும்டா" என்றான். "என்கிட்ட அப்படித்தான கேட்டீங்க நீங்க ரெண்டு பேரும்? நான் உக்காந்து நம்பர் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதற்குப் பிறகு வெர்லின் துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டான் என்று முடித்தால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் பொய். ஒரு வாரம் வெறும் இடுப்போடு திரிந்தான். பிறகு பழையபடி மாட்டிக்கொண்டான். கத்தியும் அதே பையில்தான். அவனுடைய கொள்கையும் பெரிதாக மாறவில்லை. மாறியது ஒன்றுதான், கேட்கிறவர்களுக்குப் பதிலடி கொடுப்பதை விட்டுவிட்டான்.

ஏப்ரலில், மேட்டுப் பண்ணையை வாங்கிப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், கன்சாஸ் சிட்டிக்காரி. முட்டைக்கோழித் தீவனம் ஒரு மூட்டை கேட்டாள். வெர்லின் திரும்பும்போது சட்டை விலகி ரிவால்வர் தெரிந்தது.

"ஐயய்யோ, தீவனக் கடையில கூடவா இது? யாரைச் சுடப் போறீங்க, கோழியையா?"

வெளியூர்க்காரர்கள் கேட்கிற கேள்விகளிலேயே இவ்வளவு வசதியான கேள்வி இதுவரை வந்ததில்லை. காப்பி மேசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. பழைய வெர்லினாக இருந்தால் அவள் வாய் மூடுவதற்குள் நாலு பதில் வந்திருக்கும். லோனி மட்டும் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் கேக்கறீங்க?" என்றான் வெர்லின்.

"சும்மாதான்."

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேசையைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். வெர்லின் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனான். அவள் பிக்கப்பின் பின்கதவைத் திறந்தாள். அவன் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். அறுபத்து மூன்று வயதுக்கு அது கனம்தான், முகம் சிவந்துவிட்டது.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றான். "உங்க வீட்ல கோழி இருக்குதானே?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெரியவருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நினைத்திருப்பாள்.

"பன்னெண்டு இருக்கு" என்றாள். "இல்லாமலா தீவனம் வாங்குவாங்க?"

அதற்குப் பிறகுதான் வெர்லின் மூட்டையை இறக்கினான்.